கிழக்கு வானில் பாதி உயரம்

2017 செப்டம்பர் 23, சனிக்கிழமை. அதிகாலை 2 மணி 24 நிமிடம்.

வெள்ளவத்தை நித்திரையில் இருக்கிறது. காலி வீதியில் கடைகளின் இரும்புக் கதவுகள் இறங்கிக் கிடக்கின்றன. தண்டவாளம். அதற்கப்பால் கடல்.

அதே நிமிடம் தென்துருவத்தில், பனிக்கட்டிக்குள் ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் கீழே, ஒரு நீல ஒளிக்கோடு ஓடி மறைகிறது.

ஒரேயொரு நியூட்ரினோ. பூமியின் ஓரத்தைத் துளைத்து வந்து, எதிலோ முட்டிக்கொண்ட ஒன்று. ஐஸ்கியூப் என்ற ஆய்வகம் அங்கே ஒரு கன கிலோமீட்டர் பனிக்குள் 5,160 கண்ணாடிக் கோளங்களை இறக்கிவைத்துக் காத்திருக்கிறது. 43 செக்கனில் செய்தி வெளியே போகிறது. செய்தியில் முக்கியமாக இருப்பது ஒரு திசை.

அந்தத் திசை அப்போது கொழும்பின் கிழக்கு வானில், அடிவானுக்கும் உச்சிக்கும் நடுவில். கிருலப்பனைப் பக்கத்துக் கூரைகளுக்கு மேலே.

யாரும் பார்க்கவில்லை. பார்த்தாலும் தெரியாது.

*

திருவாதிரையைத் தெரிந்தவர்களுக்கு வழி எளிது. வேட்டைக்காரனின் ஒரு தோளில் சிவப்பாக அது. மறு தோளில் பெல்லாட்ரிக்ஸ் என்ற வெள்ளை நட்சத்திரம். அங்கிருந்து மேற்கே, நீட்டிய கையில் இரண்டு மூன்று விரல் அகலம்.

அங்கே வெறும் கறுப்பு.

அந்தக் கறுப்பில் டிஎக்ஸ்எஸ் 0506+056. பட்டியலில் அப்படித்தான் இருக்கிறது. கடைசி மூன்று இலக்கங்களும் வடக்கே 5.6 பாகை என்கின்றன. கொழும்பு 7 பாகைக்குச் சற்றுக் குறைவு. ஆகவே நாளுக்கு ஒரு தடவை அது எங்கள் உச்சியை ஒட்டிக் கடக்கிறது. பகலென்றாலும் கடக்கிறது. வெள்ளவத்தைச் சந்தையில் ஒருவர் குனிந்து முருங்கைக்காய் தெரிந்தெடுக்கிறார். அவருடைய முதுகுக்கு நேர் மேலே.

*

அது ஒரு நட்சத்திர மண்டலம். நடுவே கருந்துளை, பல கோடிச் சூரியன்களின் நிறை. அதற்குள் விழப் போகும் பொருளில் ஒரு பகுதி விழாமல் திரும்புகிறது. இரண்டு தாரைகளாக, எதிரெதிர்த் திசையில், ஒளியின் வேகத்துக்குச் சற்றே குறைந்த வேகத்தில் வெளியே பாய்கிறது.

இரண்டில் ஒன்று இந்தப் பக்கம் பார்த்திருக்கிறது.

அப்படிப் பார்த்திருப்பவற்றைப் பிளேசார் என்கிறார்கள். மற்றப்படி அவை வேறு இனமல்ல. வேறொரு பக்கம் திரும்பியிருந்தால் வேறொரு பட்டியலில் இருந்திருக்கும்.

இரவு, ஒழுங்கையில் எதிரே வரும் மோட்டார் சைக்கிள். அது திரும்பும் வரை வெளிச்சம் மட்டும்தான் இருக்கிறது. வண்டி இல்லை. ஆள் இல்லை.

*

மேல் மாடியில் பக்கத்து வீட்டுப் பிள்ளை.

"அது எங்களைப் பார்த்தா அடிக்குது?"

"இல்லையம்மா. எங்கட பக்கம் திரும்பியிருக்கு."

"ஆர் திருப்பினது?"

காற்று வருகிறது. உதட்டில் உப்பு.

*

அந்த ஒளி புறப்பட்டு ஏறத்தாழ 400 கோடி ஆண்டுகள்.

பூமியில் அப்போது இலை இல்லை. மீன் இல்லை. பார்ப்பதற்கு ஒரு கண் இல்லை.

கண் உண்டாகும் வரை அது வந்துகொண்டே இருக்கிறது. கண்ணுக்காக அல்ல.

*

திசை கிடைத்ததும் தொலைநோக்கிகள் திரும்புகின்றன. சில நாட்களில் பெர்மி விண்கலத்தைக் கவனிப்பவர்கள் சொல்கிறார்கள்: அந்த இடத்தில் ஒரு பிளேசார் இருக்கிறது, சில மாதங்களாகவே காமா கதிரில் வழக்கத்தை மீறி ஒளிர்கிறது. கனேரித் தீவுகளின் லா பால்மாவில் மஜிக் தொலைநோக்கிகள் இன்னும் கூடிய ஆற்றலில் அதைக் காண்கின்றன.

2018 ஜூலையில் உலகத்துக்கு அறிவிக்கிறார்கள்.

ஒரு துணிக்கை. ஓர் ஒளிர்வு. ஒரே திசை, ஒரே காலம். தற்செயலாக இருக்க வாய்ப்பு குறைவு. அவ்வளவுதான் சொல்கிறார்கள். அந்தச் சொல்லின் அடக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது.

*

கண்ணை மூடி இருக்கிறேன்.

விரல் நகம் அளவான இடத்தில், ஒவ்வொரு செக்கனும், சூரியனிலிருந்து மட்டும் 6,000 கோடிக்கு மேற்பட்ட நியூட்ரினோக்கள். இரவில் அவை கீழேயிருந்து வருகின்றன. மறுபக்கத்துப் பூமியூடாக, கடலடியூடாக, கட்டடத்தின் அத்திவாரமூடாக, கதிரையூடாக.

ஒன்றும் உணரவில்லை.

மூச்சு உள்ளே. மூச்சு வெளியே.

*

1965. கோலார் தங்கச் சுரங்கம். நிலத்துக்கு இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே ஒரு குகையறையில் கருவிகள். காற்றில் பிறந்த நியூட்ரினோ ஒன்று அங்கே தடம் விடுகிறது. அதே ஆண்டு தென்னாபிரிக்கச் சுரங்கமொன்றிலும். இயற்கையாகப் பிறந்த நியூட்ரினோ மனிதருக்கு அகப்படுவது அதுதான் முதல் தடவை.

கோலாரில் அந்த ஆழத்தைத் தோண்டியவர்களில் பெருந்தொகையினர் வட ஆர்க்காட்டிலிருந்து போன தமிழர்.

அவர்கள் பொன்னுக்காகத் தோண்டிய இருள்.

*

காமா கதிர் நியூட்ரினோவைப் போல அல்ல. அது காற்றைத் தாண்டாது.

400 கோடி ஆண்டுகள் தடையில்லாமல் வந்தது, கடைசியில், தலைக்கு மேலே பத்து இருபது கிலோமீட்டர் உயரத்தில் ஓர் அணுவில் மோதி முடிகிறது. ஓர் இலத்திரன், ஒரு பொசித்திரன். அவற்றிலிருந்து இன்னும் காமா கதிர். அவற்றிலிருந்து இன்னும் இலத்திரன்கள். மழையாகக் கீழே இறங்கும்போது, காற்றில் ஒளி செல்லும் வேகத்தை அவை மிஞ்சுகின்றன. அதனால் ஒரு நீலம். நூறு மீட்டருக்கு மேல் பரந்த வட்டமாகத் தரையைத் தொடும் மெல்லிய நீலம்.

ஒரு செக்கனின் நூறு கோடியில் சில பங்குக்கு.

வெள்ளவத்தைக் கடலின் மேலும் அது விழுகிறது. மீன்பிடிப் படகின் லாம்பு வெளிச்சத்துக்குள்ளும். இப்போதும்.

*

லடாக்கில், ஹான்லே. கடல் மட்டத்திலிருந்து 4,300 மீட்டர் அளவு உயரம். 21 மீட்டர் அகலக் கண்ணாடி ஒன்று மேல் நோக்கித் திறந்திருக்கிறது. மேஸ் என்று பெயர். பாபா அணு ஆராய்ச்சி நிலையம் கட்டியது. 2024 அக்டோபரில் முறைப்படி திறந்தார்கள். ஆனால் அதற்கு முன்பே அது பார்க்கத் தொடங்கிவிட்டது.

2022 டிசம்பர், 2023 ஜனவரி. பெர்சியஸ் கூட்டத்தின் நடுவேயுள்ள என்ஜிசி 1275 என்ற நட்சத்திர மண்டலம் பொங்குகிறது. மேஸ் அதைப் பிடிக்கிறது. அதன் தாரை நேராக எங்களைப் பார்த்ததல்ல, சற்று விலகியது. அப்படியிருந்தும் எட்டுகிறது.

அந்தக் கண்ணாடி வானத்தில் பார்ப்பது வானத்தை அல்ல. காற்றில் தோன்றி மறையும் நீலத்தை. அந்த நீலத்தின் சாய்வைக் கொண்டு, அது எங்கிருந்து வந்ததென்று பின்னோக்கிக் கோடு போடுகிறார்கள்.

கடும் குளிர். புல் குறைந்த நிலம். படத்தில் பார்க்கிறேன். காது அடைக்கிறது.

*

இங்கே ஈரம். சுவரில் தேமல். கொடியில் போட்ட துணி இரவு முழுக்கக் காயவில்லை.

*

கொழும்பு இருளாவது அபூர்வம்.

2007 ஏப்ரல், உலகக் கிண்ண இறுதிப் போட்டி இரவு. மின்சாரத்தை நிறுத்துகிறார்கள். வானூர்தி வருகிறது என்ற செய்தி. விமான எதிர்ப்புத் துப்பாக்கிகளின் சிவப்புக் கோடுகள் வானில் ஏறுகின்றன, வளைகின்றன, அணைகின்றன. வெள்ளவத்தையில் எவரும் யன்னலோரம் போகவில்லை. தொலைக்காட்சி அணைந்த அறையில் மூச்சுச் சத்தங்கள். அடுத்த வீட்டில் ஒருவர் மெதுவாகத் தேவாரம் சொல்கிறார்.

2022 மார்ச் கடைசி. டீசல் இல்லை. நாளுக்கு 13 மணித்தியால மின்வெட்டு. மறுநாள் அமாவாசை. மாடிக்கு ஏறி வந்தவர்கள் கதையை நிறுத்திவிட்டு மேலே பார்க்கிறார்கள். வேட்டைக்காரன் கடல் பக்கம் சாய்ந்து நிற்கிறான், இடுப்பின் மூன்று நட்சத்திரங்களும் துலக்கமாக. காலி வீதிக்கு மேலே இவ்வளவு நட்சத்திரங்களா.

முதல் இருளில் வானம் பயம். இரண்டாவதில் வானம் வானம்.

இரண்டு இரவும் அந்தத் தாரை இந்தப் பக்கம்தான் பார்த்திருக்கிறது.

*

2006 ஜூலை 28. கொழும்பில் விடிந்துவிட்டது. நமீபியாவில் இன்னும் இரவு.

ஹெஸ் தொலைநோக்கிகள் பிகேஎஸ் 2155-304 என்ற பிளேசாரைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. ஏறத்தாழ 150 கோடி ஒளியாண்டு. திடீரென்று அது தன் வழக்கத்தைவிட ஏறத்தாழ 50 மடங்கு ஒளிர்கிறது. ஒளிர்வு சீராக இல்லை. மூன்று நான்கு நிமிடங்களில் ஏறுகிறது, இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது.

இங்கேதான் மனம் நிற்கிறது.

அந்தக் கருந்துளையைக் குறுக்கே கடக்க ஒளிக்கே மணித்தியாலங்கள் வேண்டும். ஒரு பொருள் தன்னை ஒளி கடக்கும் நேரத்தைவிட வேகமாக ஒன்றுசேர்ந்து மினுங்க முடியாது. ஓரத்துச் செய்தி மறு ஓரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். அப்படியானால் மினுங்குவது கருந்துளையைவிடச் சின்ன ஏதோ ஒன்று. தாரைக்குள் ஒரு முடிச்சு. அல்லது தாரைக்குள் இன்னொரு தாரை. எங்களை நோக்கி வருவதால் அதன் காலம் எங்களுக்குச் சுருங்கித் தெரிகிறது. அப்படிச் சுருக்கிக் கணக்குப் பார்த்தும் கணக்கு இறுக்கமாகவே இருக்கிறது.

பொங்குவது ஏன் என்று பல வழிகள் சொல்கிறார்கள். அதிர்ச்சி அலைகள். காந்தப்புலக் கோடுகள் அறுந்து வேறு விதமாக இணைவது. எதுவும் மற்றதை முழுதாக அகற்றவில்லை.

150 கோடி ஆண்டுப் பயணம். அதில் நாலு நிமிடம் கலையாமல் வந்து சேர்கிறது.

அதே கிழமை மாவிலாற்றில் போர் மறுபடி தொடங்குகிறது.

*

தேத்தண்ணி ஆறிவிட்டது. மேலே ஆடை.

*

தாரைக்குள் இலத்திரன் வளைகிறது. காந்தப்புலம் வளைக்கிறது. வளையும்போதெல்லாம் ஒளியை உமிழ்கிறது. உமிழ்ந்த அளவுக்குத் தளர்கிறது. ஆற்றல் கூடியது முதலில் தளர்கிறது. அதனால்தான் மிக உயர்ந்த ஆற்றலின் ஒளிர்வுகள் மிகக் குறுகியவை.

தன் ஒளியால் தானே பின்னுக்குத் தள்ளப்படும் இலத்திரனுக்கு 1938 இல் டிராக் ஒரு சமன்பாடு எழுதுகிறார்.

அவரிடம் கேம்பிரிட்ஜில் ஒரு யாழ்ப்பாணத் தமிழ் மாணவர். சி. ஜே. எலியேசர். அந்தச் சமன்பாட்டை எடுத்துக்கொண்டு அவர் கேட்பது சின்னக் கேள்வி: புரோத்தனை நோக்கி நேராக விழும் இலத்திரன் அதைப் போய்ச் சேருமா?

1943 இல் விடை வருகிறது. சேராது. ஒன்றையொன்று இழுக்கும் இரண்டு. ஆனாலும், அந்தச் சமன்பாட்டின்படி, அது வழியில் நின்று, திரும்பி, விலகிப் போய்விடுகிறது.

நடக்கக் கூடாதது ஒன்று தாளில் நடக்கிறது. சமன்பாட்டில் பிழையா, உலகம் அப்படியா என்று அதற்குப் பிறகு நெடுங்காலம் பேசுகிறார்கள்.

எலியேசர் கொழும்புக்குத் திரும்பி வருகிறார். இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியர். பிறகு மலாயா. பிறகு மெல்பேர்ன்.

அவர் கற்பித்த கொழும்பில் இருந்துகொண்டு இதை எழுதுகிறேன். எழுத்து மெதுவாகப் போகிறது. போகட்டும்.

*

திருவெம்பாவைக் காலத்து விடியற்காலை. கொட்டாஞ்சேனை, பொன்னம்பலவாணேஸ்வரர் கோவில். சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லில் எழுப்பியது.

தூணில் உள்ளங்கையை வைக்கிறேன். குளிர். விளக்கெண்ணெய்ப் பிசுக்கு. உளியின் சின்னச் சின்னக் குழிகள் ரேகையில் படுகின்றன. கை இருக்கும் இடத்தில் கல் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேறுகிறது.

கருங்கல்லிலிருந்தும் காமா கதிர் வருகிறது. பொட்டாசியம், தோரியம், யுரேனியம். இந்தத் தூணிலிருந்து, இந்தக் கைக்குள். கையிலிருந்தும்; வளர்ந்த உடலொன்றில் செக்கனுக்கு 4,000க்கு மேற்பட்ட பொட்டாசிய அணுக்கள் சிதைகின்றன, அவற்றில் சில நூறு காமா கதிரை விட்டுச் சிதைகின்றன.

லா பால்மாவில் பிடிபட்ட கதிரின் ஆற்றல் பொட்டாசியக் கதிரைவிட 70,000 மடங்கு அளவில். அது பெரிது, இது சின்னது என்று மனம் வரிசைப்படுத்துகிறது. வரிசைப்படுத்துவதைப் பார்க்கிறேன். கை அப்படியே இருக்கிறது.

மணி. கற்பூர வாசம். வெளியே வந்தால் திருவாதிரை மேற்கே, துறைமுகத்துப் பாரந்தூக்கிகளின் விளக்குகளுக்கு மேலே.

*

பெர்மி 2008 ஜூனிலிருந்து சுற்றுகிறது. 500 கிலோமீட்டர் சொச்ச உயரம். ஒரு சுற்றுக்கு ஒன்றரை மணித்தியாலம் அளவு. நிலநடுக்கோட்டின் இரு பக்கமும் 25 பாகைக்குச் சற்று மேல் வரை போகும். ஆகவே சில சுற்றுகள் இந்தத் தீவுக்கு மேலால்.

அதற்குள் மெல்லிய தங்குதன் தகடுகள். காமா கதிர் அதில் பட்டு இரண்டாகிறது. இரண்டின் தடமும் சேரும் புள்ளியிலிருந்து திசையை எடுக்கிறார்கள். எல்லாப் பக்கமும் பார்க்கிறது. மூன்று மணித்தியாலத்தில் வானம் ஒரு தடவை முடிகிறது. மறுபடி தொடங்குகிறது.

விருப்பு இல்லாத பார்வை. எது பொங்கும் என்று அது ஊகிப்பதில்லை.

*

தூரத்துக் காமா கதிர்களில் எல்லாம் வந்து சேர்வதில்லை.

இடையிலே நட்சத்திர ஒளி இருக்கிறது. என்றோ ஒளிர்ந்த, சில அணைந்தும் போன, எல்லா நட்சத்திரங்களின் ஒளியும் வெளியில் மெல்லிய மூட்டமாகத் திரிகிறது. உயர் ஆற்றல் காமா கதிர் அதில் முட்டினால் இரண்டும் மறைந்து ஓர் இலத்திரனும் ஒரு பொசித்திரனும் மிஞ்சுகின்றன.

2018 இல் பெர்மிக் குழுவினர் 739 பிளேசார்களை எடுத்துக்கொள்கிறார்கள். ஒவ்வொன்றிலும் வராமல் போனது எவ்வளவு என்று பார்க்கிறார்கள். வராததைக் கொண்டு, அண்டத்தில் நட்சத்திரங்கள் இதுவரை வெளியிட்ட ஒளி முழுவதையும் கணக்கிடுகிறார்கள். 4க்குப் பின் 84 சுழியம். அத்தனை ஒளித்துணிக்கைகள்.

வராததைக் கொண்டு.

ஒழுங்கையில் வாசல் விளக்கொன்று எரிகிறது. அந்த வீட்டின் பிள்ளை திரும்பி வராமல் பல ஆண்டுகள்.

*

ஐஸ்கியூப் தன் பழைய பதிவுகளைத் திருப்பிப் பார்க்கிறது.

2014 செப்டம்பர் முதல் 2015 மார்ச் வரை, அதே கறுப்பிலிருந்து, எதிர்பார்க்கக் கூடியதற்கு மேலாக 13 அளவு நியூட்ரினோக்கள். 2017 இன் ஒற்றைக்கு முன்னால் அது கூட்டம்.

அந்த மாதங்களில் காமா கதிரில் பொங்கல் எதுவும் இல்லை. பெர்மி பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. அது அமைதியாகத் தெரிகிறது.

கொழும்பில் அந்த மாதங்கள்: ஜனவரி 8 தேர்தல். அடுத்த கிழமை பாப்பரசர் பிரான்சிஸ், காலிமுகத்திடலில் திருப்பலி, மடுவுக்குப் பயணம். கொட்டாஞ்சேனையில் சனம் முன்னிரவிலேயே புறப்படுகிறது. தலைகளூடாக, செபமாலைகளூடாக, அதே திசையிலிருந்து நியூட்ரினோக்கள்.

நியூட்ரினோ அவ்வளவு பிறக்க வேண்டுமென்றால் அந்த இடம் நெருக்கமாக இருக்க வேண்டும். அவ்வளவு நெருக்கமான இடத்தில் பிறக்கும் காமா கதிர் வெளியே வருமுன் அங்கேயே விழுங்கப்படலாம் என்கிறார்கள் சிலர். விழுங்கப்பட்டால் அந்த ஆற்றல் எக்ஸ் கதிராகவாவது கசிய வேண்டும். அந்த மாதங்களில் எக்ஸ் கதிர்த் தொலைநோக்கிகள் அந்தப் பக்கம் உன்னித்துப் பார்த்த பதிவு அநேகமாக இல்லை.

இப்போது பார்க்கிறார்கள்.